கறுப்பெல்லாம் காப்பாகுமா?

வரும் ஜனவரித் திங்களில் நம் சங்க நண்பர்கள் எண்மர் இமயமலைக்குச் செல்கின்றனர். உத்தரகண்ட் மாநிலத்தில் ஔலி என்னும் மலைச்சரிவில் பனிச்சறுக்குப் பயிற்சி பெறப் போகின்றனர். மார்கழியிலும் மின்விசிறி சுழலும் திருப்பதி விடுதியில் வாழும் நாம் எங்கே, 7,816 மீட்டர் உயர்ந்து நிற்கும் நந்தாதேவிச் சிகரம் எங்கே! அச்சிகரத்தின் எதிரே நம்மவர் எண்மர் நிற்கப் போகின்றனர் என்று எண்ணும்போதே நெஞ்சு விம்முகின்றது. சென்று வருக, சிறப்புடன் வருக என வாழ்த்துவதில் நான் எவருக்கும் பின்தங்கியவன் அல்லன்.

ஆனால், சென்ற வாரம் நடந்த கூட்டத்தை என்னென்பேன்! பயண நிதியில் முதற்செலவு எது என்ற பேச்சு எழுந்தது. சங்கத்தின் பெயர் பொறித்த பனியன் என்றார் ஒருவர். பயணம் செல்வோர் எண்மர். பனியனோ அறுபது பேருக்கு! பனிக்குப் போகிறவனுக்குப் பனியன்தானே பொருத்தம் என்று மற்றொருவர் சிலேடை பேச, மன்றம் கையொலியால் அதிர்ந்தது. கண்ணுக்குக் காப்பு வேண்டாமா என்று எழுந்து கேட்டேன். "அதற்கென்ன, நடைபாதையில் கூலிங் கிளாஸ் குவிந்து கிடக்கிறது. ஆளுக்கொன்று நல்ல கறுப்பாகப் பார்த்து வாங்கிக்கொண்டால் போயிற்று" என்று விடை வந்தது. தீர்மானம் நிறைவேறியது.

நல்ல கறுப்பாக! இந்த இரண்டு சொற்களுக்காகத்தான் இக்கட்டுரையை எழுதுகின்றேன். ஏனெனில் சென்ற ஆண்டு பிப்ரவரியில், அதே நடைபாதையில், அதே இரண்டு சொற்களைக் கடைக்காரரிடம் சொல்லிக் கண்ணாடி வாங்கிச் சென்றவன் நான். அறிவியல் பயிலும் முதுகலை மாணவன். ஒளியியல் தாளில் நல்ல மதிப்பெண் வேறு. அந்த வெட்கத்தையும் சேர்த்தே எழுதுகின்றேன்.

நடந்தது இதுதான். தில்லி வழியாக அரித்துவாரம் சென்று, அங்கிருந்து நாள் முழுதும் பேருந்தில் மலையேறி ஔலி சேர்ந்தோம். முதலிரண்டு நாள் நல்ல வெயில். பனியைப் பார்த்திராத கண்களுக்கு அந்த வெண்மை பெரிய வியப்பு. கறுப்புக் கண்ணாடி அணிந்து, மரக்கட்டைபோல் விழுந்தும் எழுந்தும் சறுக்கப் பழகினோம். மூன்றாம் நாள் மேகம் மூடிக்கொண்டது. கதிரவனைக் காணோம். வானமும் வெள்ளை, நிலமும் வெள்ளை. நிழலென்று ஒன்று எங்கும் இல்லை. என் கண்ணாடி வழியே பார்த்தால் மேடு எது பள்ளம் எது என்று விளங்கவே இல்லை. இரண்டு முறை குப்புற விழுந்தேன். வெயில்தான் இல்லையே, கண்ணாடி எதற்கு என்று கழற்றிக் குல்லாயின்மேல் ஏற்றிவிட்டேன். அன்று முழுதும் வெறுங்கண்ணுடன் சறுக்கினேன். நன்றாகத்தான் இருந்தது. இரவு உணவு உண்ணும்போதும் ஒன்றும் இல்லை.

பத்து மணிக்குமேல் தொடங்கியது. இமைக்குள்ளே ஆற்று மணலை அள்ளிக் கொட்டியது போன்ற உறுத்தல். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. விளக்கைப் போட்டால் ஊசி குத்துவது போன்ற வலி. நள்ளிரவில் கண்ணைத் திறக்கவே இயலவில்லை. நண்பர் ஒருவர் கைப்பிடித்துக் கழிவறைக்கு அழைத்துச் சென்றார். குருடாகிவிட்டோம் என்றே நம்பினேன். ஊரில் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பது ஒன்றே நினைவாக இருந்தது.

காலையில் வந்து பார்த்த மருத்துவர் சிரித்தார். இருண்ட அறை, குளிர்ந்த ஈரத்துணி, கண்ணைக் கசக்காத கை, இரண்டு நாள் பொறுமை: இவ்வளவே மருந்து என்றார். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து தாருங்கள் என்று கெஞ்சினேன். அதை மீண்டும் மீண்டும் விட்டால் புண் ஆறுவது தடைப்படும் என்று மறுத்துவிட்டார். அவர் சொன்னபடியே மூன்றாம் நாள் கண் தெளிந்தது. ஆனால் பயிற்சி முடிந்துவிட்டது. இமயம் வரை சென்று, போர்வைக்குள் முகம் புதைத்துக் கிடந்துவிட்டுத் திரும்பிய பெருமை என்னுடையது.

இதற்குப் பனிக்குருடு என்று பெயர். நம் ஊர்ப் பட்டறைகளில் வெல்டிங் பற்றவைப்பதை நின்று வேடிக்கை பார்த்த சிறுவர், இரவில் கண்ணில் மண் விழுந்ததுபோல் அழுவதைக் கண்டிருப்பீர்கள். அதுவும் இதுவும் ஒரே நோய். புற ஊதாக் கதிர் விழியின் முன்படலத்தில் படுகின்றது. அப்படலத்தின் மேற்பரப்பு கருகுகின்றது. ஆனால் அக்கணமே வலிப்பதில்லை. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துக் கருகிய உயிரணுக்கள் உதிர்ந்து, அடியிலுள்ள நரம்பு நுனிகள் வெளிப்படும்போதுதான் வலி. சுட்ட நேரத்தில் வலித்திருந்தால் கையை இழுத்துக்கொள்வதுபோல் கண்ணை மூடியிருப்போம். இதுவோ பகலில் கடன் கொடுத்துவிட்டு இரவில் வட்டியுடன் கேட்கும் நோய்.

பாகாலாவில் என் வீட்டுத் திண்ணையில் இதை விளக்கியபோது, நைனா கேட்டார்: "ஏண்டா, பனின்னா குளிர்ச்சிதானே? குளிர்ச்சியில கண்ணு எப்பிடிடா எரியும்?"

படித்தவரும் கேட்கும் கேள்வி இது. வெப்பம் வேறு, புற ஊதாக் கதிர் வேறு. வெப்பத்தைத் தோல் உணரும். புற ஊதாக் கதிரை உணர நம் உடலில் ஒரு புலனும் இல்லை. 'கூலிங் கிளாஸ்' என்ற பெயரே நம்மை ஏமாற்றுகின்றது. கண் குளிர்ந்தால் காப்பு வந்துவிட்டது என்று எண்ணிக்கொள்கிறோம்.

சித்திரை வெயிலில் திருப்பதித் தெருவில் நடப்பவனுக்கு ஏன் பனிக்குருடு வருவதில்லை? அங்கே கதிரவன் உச்சியில் நிற்கின்றான். புருவ மேடும் இமையும் குடைபிடிக்கின்றன. புல்லும் மண்ணும் தம்மேல் விழும் புற ஊதாக் கதிரில் பத்து விழுக்காட்டைக்கூடத் திருப்பி அனுப்புவதில்லை. புதுப்பனியோ 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்புகின்றது. அதாவது காலடியில் இரண்டாவது கதிரவன் ஒருவன் கிடக்கின்றான். கீழிருந்து வரும் ஒளிக்குப் புருவம் என்ன செய்யும்? இதன்மேல், உயரம் 1,000 மீட்டர் கூடுந்தோறும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழப் பத்து விழுக்காடு கூடுகின்றது. ஔலிச் சரிவுகள் 2,500 மீட்டருக்குமேல் உள்ளன. குளிர்காலத்தில் வடநாட்டுக் கதிரவன் நம்மூர் வெயிலைவிடச் சாய்ந்தவன், மெலிந்தவன் என்பது மெய்யே. ஆயினும் நாள் முழுதும் எதிரிலிருந்தும் கீழிருந்தும் பட்டால் போதுமான கேட்டைச் செய்துவிடுவான். மேகமோ நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத்தான் நன்கு மறைக்கின்றது. மெல்லிய மேகம் புற ஊதாக் கதிரில் பெரும்பங்கை வடிகட்டாமலே விட்டுவிடும். நான் கண்ணாடியைக் கழற்றியது அப்படிப்பட்ட நாளில்தான்.

சரி, கழற்றாமலே இருந்திருந்தால்? அந்தக் கறுப்புக் கண்ணாடி காத்திருக்குமா? ஊர் திரும்பியதும் எனக்கு அதை அறிந்தே தீரவேண்டும் என்ற வேகம் பிறந்தது. எங்கள் துறையில் எந்த அலைநீள ஒளியை ஒரு பொருள் எவ்வளவு விடுகின்றது என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் உள்ளது. என் கறுப்புக் கண்ணாடியின் வில்லையைக் கழற்றி அதில் வைத்தேன். அடுத்து, விடுதி நண்பர் ஒருவரின் வெளிறிய பழுப்புக் கண்ணாடி. மூன்றாவதாக, இரும்புக்கடையில் வாங்கிய, சாணை பிடிப்போர் அணியும் நிறமற்ற பாதுகாப்புக் கண்ணாடி. தண்ணீர்போல் தெளிந்த பாலிகார்பனேட். பார்வை ஒளியைக் கறுப்புக் கண்ணாடி அடியோடு குறைத்தது. ஆனால் 400 நானோமீட்டருக்குக் கீழே, புற ஊதாப் பகுதியில், தாராளமாகக் கதவைத் திறந்துவிட்டது. வெளிறிய பழுப்பு அதைவிட நன்றாகவே தடுத்தது. யாவற்றினும் நன்றாகத் தடுத்தது அந்த நிறமற்ற கண்ணாடி! பாலிகார்பனேட்டின் இயல்பே புற ஊதாக் கதிரை விழுங்குவது. 1953-இல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே உருவாக்கப்பட்ட பொருள் அது. நிறத்துக்கும் அந்த இயல்புக்கும் தொடர்பே இல்லை.

நடைபாதைக் கண்ணாடி எல்லாம் கெட்டது, விலையுயர்ந்தது எல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. மலிவான பிளாஸ்டிக் வில்லைகளிலும் நன்கு தடுப்பவை உண்டு; என் நண்பருடையது மலிவானதுதான். கண்ணால் பார்த்து இன்னது தடுக்கும், இன்னது தடுக்காது என்று கூற முடியாது என்பதே என் வழக்கு. தடுக்காத வில்லை கறுப்பாகவும் இருந்துவிட்டால் கேடு இரட்டிக்கின்றது. இருட்டென்று எண்ணிக் கண்மணி விரிகின்றது, கூசாததால் இமை சுருங்குவதில்லை. வாயிலை அகலத் திறந்துவைத்துவிட்டுக் காவல் போட்டிருக்கிறோம் என்று உறங்குவதைப் போன்றது அது. 2019 டிசம்பர் 26 அன்று தமிழ்நாட்டில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தபோது, எக்ஸ்ரே படத்தாளைக் கண்முன் பிடித்துப் பார்க்க வேண்டாம் என்று அறிஞர்கள் எச்சரித்ததும் இதே பிழையைக் கருதித்தான்.

பழங்கால மாந்தர் நம்மைவிட எச்சரிக்கையாக இருந்தனர் போலும். கி.மு. 400-ஐ ஒட்டி ஆர்மீனியப் பனிமலையில் தம் படை பட்ட பாட்டை எழுதிய கிரேக்கர் செனபோன், பனியால் கண்ணிழந்த வீரரையும், கண்முன்னே கறுப்பாக ஏதேனும் ஒன்றைப் பிடித்து நடந்து தப்பியவரையும் குறிப்பிடுகின்றார். வடதுருவத்தை அடுத்து வாழும் இனூயிட் மக்கள் எலும்பிலும் மரத்திலும் கண்மூடி செதுக்கி, அதில் மயிரிழைபோல் ஒரு கீறல் மட்டும் விட்டு அணிந்தனர். கண்ணாடியே இல்லாத கண்காப்பு! எலும்பு எல்லாக் கதிரையும் மறைக்கும். கீறல் வேண்டிய அளவு மட்டும் விடும். ஆவி படிந்து மங்குவதற்கும் அங்கே ஒரு வில்லை இல்லை. அறிவியல் தாள் எழுதாத மக்களின் அந்த அறிவை வணங்கத்தான் வேண்டும்.

ஆவி படிதல் என்றேன். கண்ணாடி தேர்வோர் பெரும்பாலும் மறந்துவிடுவது இதைத்தான். எனக்கு எல்லாவற்றினும் முதன்மையாகப் படுவதும் இதுவே. உலை கொதிக்கும் பானையின் மூடியில் நீர் முத்துமுத்தாகத் தொங்குவதுபோல், வேர்த்த முகத்தின் வெப்ப ஆவி, வெளிக்குளிரில் சில்லிட்ட வில்லையில் படிகின்றது. சறுக்குபவன் ஒன்றும் காணாமல் தடுமாறுகின்றான். உடனே என்ன செய்வான்? கழற்றி நெற்றிக்கு ஏற்றுவான். நெற்றியில் இருக்கும் கண்ணாடி உலகிலேயே மிகச் சிறந்ததாயினும் என்ன பயன்?

இந்த உண்மையைக் கற்க நான் ஔலிக்குப் போயிருக்கவே வேண்டாம். என் வீட்டிலேயே அது எழுதப்பட்டிருந்தது. எங்கள் குடும்பம் குடியாத்தம் பக்கத்திலிருந்து பாட்டனார் காலத்தில் பாகாலாவுக்குப் பிழைக்க வந்தது. சந்திப்பு ரயில் நிலையமும், சுற்றிலும் பாறைக் குன்றுகளும் உள்ள ஊர். பாட்டனார் கல்லுடைத்தார், நைனாவும் கல்லுடைத்தார். ஆப்பு அடித்துப் பாறையைப் பிளப்பதும், சம்மட்டியால் உடைப்பதும், ஜல்லி கொட்டுவதுமே எங்கள் வீட்டுச் சோறு. நான் ஏழாம் வகுப்புப் படித்த ஆண்டில் ஒருநாள் கற்சில்லு ஒன்று தெறித்து நைனாவின் இடக்கண்ணில் பாய்ந்தது. ஆறிய பிறகு அக்கண்ணில் பூ விழுந்துவிட்டது. இன்று அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தெரியும். என் முகம் தெரியாது.

கண்ணாடி கொடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். கொடுத்திருந்தார்கள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே தன் 35-ஆம் பிரிவில் கண்காப்பைப் பற்றிப் பேசியது. குத்தகைக்காரர் நான்கு பேருக்கு ஒரு கண்ணாடி கொடுத்திருந்தார். கீறல் விழுந்து மங்கிய கண்ணாடி. காற்றுப் புகத் துளை இல்லை. வேர்வையில் ஐந்து நிமிடத்தில் ஆவி படிந்துவிடும். ஆவி படிந்த கண்ணாடியோடு சம்மட்டியை வீசினால் பக்கத்திலிருப்பவன் காலில் விழும். ஆகவே அன்று அது நைனாவின் நெற்றியில் இருந்தது. அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஔலியில் என் கண்ணாடி எங்கே இருந்தது?

இப்போது பனிச்சறுக்குக் கண்ணாடிக்கு வருகின்றேன். நடைபாதைக் கண்ணாடியையோ, வண்டி ஓட்டும்போது நாம் போடும் கண்ணாடியையோ கொண்டு சமாளிக்கலாகாது. அவற்றில் பக்கவாட்டிலும் கீழேயும் ஒளி நுழைகின்றது. பனியில் ஒளி நுழைவதே அவ்வழியாகத்தான். முகத்தோடு ஒட்டி, நுரைப்பஞ்சு விளிம்புடன், தலையைச் சுற்றும் பட்டையுடன் கூடியதே வேண்டும். வில்லை ஒன்றாக இருக்கலாகாது. இடையே காற்றடைத்த இரட்டை வில்லையாக இருத்தல் வேண்டும். அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தைச் சேர்ந்த பாப் ஸ்மித் என்னும் பல் மருத்துவர் 1965-இல் செய்த ஏற்பாடு இது. சறுக்கும் ஆர்வத்தில், ஆவி படியும் தொல்லை தாளாமல், தாமே வீட்டில் ஒட்டிச் செய்து பார்த்தார். உள்வில்லை குளிரிலிருந்து விலகி நிற்பதால் ஆவி எளிதில் படிவதில்லை. மேல்விளிம்புப் பஞ்சு வழியே ஈரக்காற்று வெளியேறுகின்றது. கடையில் எடுத்துப் பார்க்கும்போது விளிம்பை ஒளிக்கு நேரே பிடியுங்கள். இரண்டு வில்லையா, ஒன்றா என்பது உடனே தெரியும்.

பிறகு கறுப்பின் அளவு. வில்லை விடும் ஒளியைக் கொண்டு, பூச்சியம் முதல் நான்கு வரை வகைப்படுத்துகின்றனர். முதல் வகை 43 முதல் 80 விழுக்காடு ஒளியை விடும். இரண்டாம் வகை 18 முதல் 43. மூன்றாம் வகை 8 முதல் 18. நான்காம் வகை 3 முதல் 8 மட்டுமே. நான்காம் வகை பனியாற்றின் உச்சியில் ஏறுவோர்க்கு உரியது. அதை அணிந்து வண்டி ஓட்டவே கூடாது. நல்ல வெயிலுக்கு மூன்றாம் வகை ஏற்றது. மேகம் மூடிய நாளுக்கு மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு நிறத்தில் முதல் வகை. பரவி நிற்கும் நீல ஒளியை இந்நிறங்கள் குறைப்பதால், மங்கிய மேடுபள்ளம் சற்றே எழும்பித் தோன்றும். என்னை அன்று கண்ணாடி கழற்ற வைத்தது கறுப்பு. மஞ்சள் வில்லை இருந்திருந்தால் கழற்றியிருக்க மாட்டேன். வில்லையை மாற்றிப் பூட்டும் அமைப்புள்ளது மிக நன்று. ஒன்றே ஒன்றுதான் வாங்க இயலும் என்றால், ஆரஞ்சோ பழுப்போ கலந்த இரண்டாம் வகையை வாங்குங்கள் என்பேன். வெயிலில் சற்றுக் கூசும், பரவாயில்லை. அறிந்தவர் சிலர் மூன்றாம் வகையே வேண்டும் என்பர். அவர்கள் சறுக்கத் தெரிந்தவர்கள். தரையைப் பார்க்காமலே கால் அறியும். நம்மவர்க்குத் தரை தெரிந்தாக வேண்டும்.

எந்த வகையாயினும், புற ஊதாக் கதிரை 400 நானோமீட்டர் வரை தடுக்கும் என்ற உறுதி இருக்க வேண்டும். 'யூவி 400' என்று ஒட்டியிருப்பார்கள். ஒட்டுத்தாளும் கடையில் விற்கும் பண்டம்தான் என்பதை மறவாதீர். பனிச்சறுக்குக் கண்ணாடிக்கென்றே 2021-இல் ஐ.எஸ்.ஓ. 18527-1 என்ற உலகத் தரம் வெளியாகியுள்ளது. அதற்கு முன்பிருந்தது ஐரோப்பாவின் இ.என். 174. இவ்வெண்கள் சட்டத்திலோ உடன்வரும் தாளிலோ இருந்தால் ஓரளவு நம்பலாம். சில மூக்குக்கண்ணாடிக் கடைகளில் புற ஊதாக் கதிரைச் சோதிக்கும் சிறு கருவி வைத்திருப்பர். கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

முகம் பார்க்கும் கண்ணாடிபோல் மின்னும் பூச்சு அழகுக்கு உதவும், ஒளியையும் சிறிது குறைக்கும், அவ்வளவே. போலராய்டு வில்லை கூச்சத்தைத் தணிக்கும் என்பது உண்மை. ஆனால் உறைந்து வழுக்கும் பனிக்கட்டியின் மினுமினுப்பையும் மறைத்துவிடலாம் என்பதால் கற்றுக்குட்டிக்கு அது இன்றியமையாதது அன்று. உடையும் கண்ணாடி வில்லையை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர். விழாமல் சறுக்கக் கற்றவன் இல்லை. மூக்குக்கண்ணாடி அணிவோர் நம் எண்மரில் மூவர் உள்ளனர். மூக்குக்கண்ணாடிக்கு மேலேயே அணியத்தக்க அகன்ற சட்டம் தனியே உண்டு. அவர்கள் தம் கண்ணாடியுடன் கடைக்குச் சென்று, போட்டுப் பார்த்து, பொட்டில் அழுத்துகிறதா என்று பத்து நிமிடம் இருந்து பார்த்து வாங்க வேண்டும். தலைக்கவசத்தையும் உடன் அணிந்து பார்த்தல் நலம். இரண்டுக்கும் நடுவே நெற்றி தெரிந்தால், அங்கே குளிர் குடைந்து தலைவலி எடுக்கும்.

வாங்கிய பின்னும் ஒரு சொல். உள்வில்லையைத் துணியால் அழுத்தித் துடைக்காதீர். ஆவி படியாமலிருக்கப் பூசிய மெல்லிய பூச்சு அழிந்துவிடும். பனி உள்ளே புகுந்தால் உதறுங்கள், மெதுவாக ஒற்றியெடுங்கள். நெற்றிக்கு ஏற்றாதீர், வேர்த்த நெற்றியின் ஆவியெல்லாம் அதற்குள் குடியேறும்.

"ஒரு வாரப் பயணத்துக்கு இவ்வளவு ஆரவாரமா? அங்கேயே வாடகைக்குக் கிடைக்காதா?" என்பர் சிலர். சறுக்குக் கட்டையும் காலணியும் வாடகைக்குக் கிடைக்கும். கண்ணாடியும் சில இடங்களில் கிடைக்கலாம். ஆனால் பலர் போட்டுத் தேய்ந்து, பூச்சு போய், பஞ்சு கிழிந்த ஒன்று நம் பங்குக்கு வந்தால், அது நைனாவுக்குக் குத்தகைக்காரர் கொடுத்த கண்ணாடியின் உடன்பிறப்பாகவே இருக்கும். "உனக்கு இரண்டு நாளில் ஆறிவிட்டதே" என்றும் கூறுகின்றனர். ஆறியது, மறுக்கவில்லை. ஆனால் பாராமல் கழியும் புற ஊதாக் கதிர் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தால் கண்ணில் சதை வளர்வதற்கும், புரை விழுவதற்கும் துணைபோகும் என்பதை மருத்துவம் கூறுகின்றது. அது கிடக்கட்டும். பார்வை தெரியாத ஒருவன் மலைச்சரிவில் நிற்பது அவனுக்கு மட்டுமா இடர்? கீழே நிற்பவன் என்ன பிழை செய்தான்? கண்கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்பது பழமொழி. நமக்கோ நமஸ்காரத்துக்கு முன்பே கூட்டம் கூடித் தீர்மானம் போட வாய்ப்பு இருக்கின்றது.

ஆகவே என் வேண்டுகோள் இது. பனியன் தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். அறுபது பனியனுக்கு ஆகும் பணத்தில் எட்டு நல்ல கண்ணாடி வாங்கலாம். நான் இரண்டு கடைகளில் விலை கேட்டுக் குறித்து வைத்திருக்கிறேன். அவை சங்கத்தின் உடைமையாக இருக்கட்டும். இவ்வாண்டு எண்மர் அணியட்டும். அடுத்த ஆண்டு வேறு எண்மர். பனியனோ இரண்டு சலவையில் சங்கத்தின் பெயரை இழந்துவிடும்.

நைனாவுக்கும் ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். பனிச்சறுக்குக் கண்ணாடி அன்று. நிறமற்ற பாலிகார்பனேட், பக்கவாட்டில் மறைப்பு, காற்றுப்போக்குத் துளை, இந்தியத் தர எண் 5983 பொறித்தது. இப்போது அவர் கல்லுடைப்பதில்லை. பிறருக்கு உளி காய்ச்சித் தீட்டிக் கொடுக்கிறார். அங்கேயும் பொறி பறக்கும். "இருக்கிறது ஒரு கண்ணு, அதுக்கு ரெண்டு கண்ணாடியா?" என்று கேட்டார். போட்டுக்கொண்டு அரைமணி வேலை செய்தார். கழற்றவில்லை. "இது பரவாயில்லடா, கண்ணு தெரியுது" என்றார். போன ஞாயிறு ஊருக்குப் போனபோது அது அவர் மூக்கின்மேல் இருந்தது. நான் பார்க்கிறேன் என்பதற்காகப் போட்டதாகத் தெரியவில்லை; என்னை அவர் கவனிக்கவே இல்லை.

வரும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி முதல் எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருப்பேன். பொறுப்பாசிரியர் இசைவு தந்துள்ளார். எண்மரும் தாம் வாங்கிய, வாங்க நினைக்கும் கண்ணாடிகளைக் கொண்டு வாருங்கள், அளந்து சொல்கிறேன். வில்லையைக் கழற்ற முடிந்தால் நல்லது. ஏற்கெனவே நல்ல கறுப்பாகப் பார்த்து வாங்கிவிட்டவர்களும் தயங்காமல் வரலாம். நான் சிரிக்க மாட்டேன். பனியன் அளவு குறித்துக்கொண்டு வருகிற செயலாளருக்கு மட்டும் ஒரு சொல்: என் பெயரை அடித்துவிடுங்கள்.